570 சதுர அடியில் நான்கு பேர்: எதை எங்கே வைப்பது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். சென்னை நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை ஃபிளாட். சொந்த வீடு, பத்திரத்தில் 570 சதுர அடி. இவர், கணவர், ஆறு வயது மகள். போன மாதம் மாமியார் ஊரைக் காலி செய்துவிட்டு நிரந்தரமாக வந்துவிட்டார். கூடவே அவருடைய கல்யாணத்துக்குச் சீராக வந்த இரும்பு டிரங்குப் பெட்டியும். இப்போது வீட்டில் எங்கே திரும்பினாலும் எதிலாவது இடிக்கிறது. ஹாலில் இன்னொரு அலமாரி அடிக்கலாமா, குழந்தைக்கு அடுக்குக் கட்டில் வாங்கலாமா, பால்கனியை அடைத்து அறையாக்கலாமா, அந்தப் பெட்டியை என்ன செய்வது? நான்கு கேள்விகள்.

முதல் மூன்றுக்கும் என் பதில் "வேண்டாம்". வீடுகளுக்கு உள்ளே மரவேலை எடுத்துச் செய்வது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, மடிப்பாக்கம், வேளச்சேரி, குரோம்பேட்டை, மேற்கு மாம்பலம் என்று இந்தப் பக்கம்தான் அதிகம். அலமாரி அடிக்காதீர்கள் என்று நானே சொல்வது என் பிழைப்புக்கு நல்லதில்லை. ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் குறைவாக இருப்பது தரை. சாமான் வைக்கும் இடம் அதற்கு மேலே நிறையவே சும்மா கிடக்கிறது.

570 என்பது சூப்பர் பில்ட்-அப் கணக்கு. மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கு, வெளிச்சுவரின் கனம், பால்கனி எல்லாம் சேர்ந்தது அது. 2016இல் ரெரா என்கிற வீடு-மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகுதான் கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நிஜமாகப் புழங்கும் பரப்பைச் சொல்லி விற்க வேண்டும் என்று ஆனது. அதில் வெளிச்சுவரும் பால்கனியும் சேராது, அறைகளைப் பிரிக்கும் உள்சுவர் சேரும். நீங்கள் கொடுத்த அளவுகளைக் கூட்டிப் பார்த்தேன். ஹால் 14க்கு 10, படுக்கையறை 11க்கு 10, சமையலறை 8க்கு 7, குளியலறை 7க்கு 4, நடுவில் சின்ன நடை ஒன்று. கிட்டத்தட்ட 355 சதுர அடி வருகிறது. நான்கு பேரும் புழங்குவது இந்த 355க்குள்.

இப்போது குழந்தையின் சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போங்கள். ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் கோடு போடுங்கள். சாமான் நிற்கும் இடம் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும்போது பிடிக்கும் இடத்தையும் சேர்த்துப் போட வேண்டும். நாலடிக்கு இரண்டரை அடி சாப்பாட்டு மேசை பத்து சதுர அடி என்று தோன்றும். இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்து ஆள் உட்கார இரண்டிரண்டு அடி வேண்டும், ஆக 26 சதுர அடி. எல் வடிவ சோஃபா சுமார் 30. டிவி ஸ்டாண்டு ஏழரை. ஃப்ரிட்ஜ் ஆறு. இந்த நாலு சாமானே 70 சதுர அடி. உங்கள் ஹாலில் சரிபாதி! அதிலும் அந்த மேசையில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சாப்பிடுகிறீர்கள்? மீதி நேரமெல்லாம் அது துணி மடிக்கிற, மடித்த துணியை எடுத்து வைக்காமல் விடுகிற இடம். நான் போகிற வீடுகளில் பத்துக்கு எட்டில் இதுதான் நிலைமை, என் வீடும் சேர்த்துத்தான்.

கதவுக்கும் கோடு போடுங்கள். மூன்றடிக் கதவு திறந்து மூடும்போது தரையில் ஒரு கால்வட்டம் வரைகிறது, அது ஏழு சதுர அடி. இரண்டரை அடிக் கதவு என்றால் ஐந்து. வாசல், படுக்கையறை, குளியலறை, பால்கனி நான்கும் சேர்ந்தால் இருபத்துநான்கு சதுர அடியில் எதுவும் வைக்க முடியாது. வாசல் கதவை ஒன்றும் செய்ய முடியாது. குளியலறைக்கு நடுவில் மடியும் பிவிசி கதவு போட்டால் அந்தக் கதவு பிடிக்கும் இடத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். படுக்கையறைக் கதவு சுவரோடு ஒட்டித் திறக்கிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் கீலை மறுபக்கம் மாற்றினாலே போதும், ஒரு ஆசாரிக்கு அரை நாள் வேலை. கதவின் பின்பக்கம் கொக்கி அடித்து ஹெல்மெட், குடை, ஸ்கூல் பை, கைப்பை எல்லாவற்றையும் மாட்டிவிடுங்கள். இரண்டு ஹெல்மெட் இல்லாத வீடு சென்னையில் ஏது, அவை இரண்டும் டிவி பக்கத்தில் உட்கார்ந்திருக்காத வீடுதான் ஏது!

நான் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன். பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் மூலை, ஆறு பேர். இப்போது நினைத்தால் எப்படி இருந்தோம் என்று ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் அப்போது இடிபட்ட ஞாபகம் இல்லை. காரணம், தரையில் நிரந்தரமாக நின்ற சாமான் ஒரு பீரோவும் ஒரு ஸ்டூலும்தான். காலையில் ஆறு பாயும் சுருண்டு மூலையில் நின்றுகொள்ளும். அப்பா கிளம்பும்வரை அது சாப்பாட்டு அறை, பகலில் அம்மாவின் தையல் அறை, சாயங்காலம் எங்கள் படிப்பறை. தலைக்கு மேலே இரண்டு கயிற்றில் மூங்கில் கொடி தொங்கும். நனைந்த துணியைக் கொம்பால் தூக்கிப் போடுவாள் அம்மா. எங்கள் தலையில் சொட்டும், அவ்வளவுதான். கஷ்டத்தை அழகாக்கிப் பேசவில்லை. குழாயடிக்கும் கழிப்பறைக்கும் வரிசையில் நின்றது எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஒரே தரையை நேரத்துக்கு ஒரு வேலைக்கு எடுத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தைத்தான் நாம் ஃபிளாட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மரச்சாமான் வாங்கி அதை ஆணி அடித்தாற்போல நிறுத்திவிட்டோம்.

அதனால் உங்கள் ஹாலில் முதலில் வெளியே போக வேண்டியது சாப்பாட்டு மேசை. அதற்குப் பதில் சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை ஒன்று, மூன்றடிக்கு ஒன்றரை அடி, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். மடக்கினால் சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். மகள் வீட்டுப்பாடம் எழுதுவதும் அதிலேயே. மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மாமியாரைத் தரையில் உட்காரச் சொல்லாதீர்கள், முட்டி வலி இருக்கிறதோ இல்லையோ எழுந்திருப்பது சிரமம். அவருக்கு அந்தப் பலகையும் கை வைத்த நாற்காலி ஒன்றும். விருந்தாளிக்கு ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி நான்கு. பார்க்க அழகில்லை என்பார்கள். நான்கும் சேர்ந்து ஒரு நாற்காலி இடத்தில் நிற்கும், அது போதும் எனக்கு.

அடுத்தது சோஃபா. அதை விற்றுவிட்டு மூன்றடிக்கு ஆறேகால் அடியில் ஒரு திவான் போடுங்கள். பகலில் அது சோஃபா, ராத்திரியில் மாமியாரின் கட்டில். சோஃபா-கம்-பெட் வேண்டாமா என்று கேட்பீர்கள். தினமும் ராத்திரி இழுத்து, காலையில் மடக்கும் இரும்பு எந்திரத்தோடு வயதானவர் மல்லுக்கட்ட முடியாது. திவானில் மெத்தை எப்போதும் மெத்தைதான், விரிப்பை மாற்றினால் வேலை முடிந்தது. அவர் கண் அயர்கிற நேரத்தில் ஹாலில் டிவி ஓடுமே, அதற்கு என்ன வழி என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரப்போகிற பிரச்சினை அதுதான். திவான் தலைமாட்டில் உத்தரத்தில் ஒரு தண்டவாளம் அடித்துக் கனமான திரை போடுங்கள். சத்தத்தை நிறுத்தாது. ஆனால் தனக்கென்று ஒரு மூலை இருக்கிறது என்கிற உணர்வு, ஊரில் முழு வீட்டையும் ஆண்டுவிட்டு வந்தவருக்கு அவசியம்.

திவானுக்கு அடியில் இழுப்பறை வைக்கலாம். நீங்கள் மூன்றாவது மாடி, அதனால் சரி. தரைத்தளத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு இரண்டு வருடம் முன்னால் வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீட்டுக்கு, மெத்தையைத் தூக்கினால் கீழே பெட்டி மாதிரி இருக்கும் கட்டில் செய்து கொடுத்தேன். பட்டுப் புடவை, கல்யாண ஆல்பம், பத்திரங்களின் நகல் எல்லாம் அதற்குள் வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்து அதைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அதற்கப்புறம் தரைத்தளத்துக்கு அடிப்பெட்டி வைத்த கட்டில் நான் செய்வதில்லை. கேட்டால் நீண்ட கால் வைத்த கட்டிலும் பரணும்தான்.

படுக்கையறைக் கணக்குக்கு வருவோம். பத்தடி அகலம். குயின் சைஸ் கட்டில் ஐந்துக்கு ஆறரை அடி. கட்டிலின் கால்மாட்டுக்கு எதிரே அலமாரி வைத்தால், பத்தடியில் ஆறரையும் இரண்டும் போக ஒன்றரை அடி மிஞ்சும். அலமாரிக் கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடம் கிடையாது. கட்டிலைத் திருப்பிப் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிவிட்டு எதிர்ச்சுவர் முழுக்க அலமாரி என்றால், ஐந்தும் இரண்டும் போக மூன்றடி மிஞ்சுகிறது. நடக்கலாம், குனியலாம், கதவைத் திறக்கலாம். சுவர்ப் பக்கம் படுப்பவர் ராத்திரியில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அது யார் என்பதை நீங்களும் உங்கள் கணவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

குழந்தைக்கு அடுக்குக் கட்டில் ஏன் வேண்டாம் என்கிறேன்? மின்விசிறி. நம் ஃபிளாட்டுகளில் தரையிலிருந்து கூரைவரை ஒன்பதரை அடிக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். விசிறியின் இறக்கை எட்டு, எட்டரை அடியில் சுற்றுகிறது. மேல்தட்டு ஐந்தடியில் இருந்தால், அதில் எழுந்து உட்காரும் பிள்ளையின் தலை ஏழரை அடிக்கு வந்துவிடும். தூக்கத்தில் எழுந்து கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விசிறியை நிறுத்திவிட்டு மேல்தட்டில் தூங்குவது மே மாதச் சென்னையில் நடக்கிற காரியமா? சூடு மேலேதான் ஏறும். கடைகளின் கேட்லாக் படங்களில் வரும் அந்தக் கட்டில்கள் விசிறி இல்லாத குளிர்நாட்டு அறைக்கு வரைந்தவை. ஏசி இருந்தாலும் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுவது விசிறிதானே.

அதற்குப் பதில் உங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கும் குட்டிக் கட்டில். சக்கரம் வைத்தது, இரண்டேமுக்கால் அடி அகலம், பத்து அங்குல உயரம். ராத்திரி அந்த மூன்றடி நடைபாதையில் வந்து படுத்துக்கொள்ளும், காலையில் உள்ளே போய்விடும். அது வெளியே இருக்கும்போது அலமாரியைத் திறக்க முடியாது, அதனால் ராத்திரிக்கு வேண்டியதை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சுலபமான வழியும் உண்டு. கொஞ்ச நாளில் அவள் பாட்டி பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கப் போகிறாள், கதை கேட்டுக்கொண்டு. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்குச் சொல்லுங்கள்.

அலமாரி விஷயத்தில் ஒரு தப்பை எல்லோரும் செய்கிறார்கள், எட்டுக்கு நாலு பிளைவுட்டை அறுக்கும் எங்கள் ஆட்களும் சேர்த்து. எது கேட்டாலும் இரண்டடி ஆழம். இரண்டடி தேவைப்படுவது ஹேங்கரில் சட்டை தொங்கும் பகுதிக்கு மட்டும்தான். மடித்த புடவைக்குப் பதினைந்து பதினாறு அங்குலம் போதும். புத்தகத்துக்குப் பத்து அங்குலம். மளிகை டப்பாவுக்கு ஆறு அங்குலம். இரண்டடி ஆழத்தில் டப்பா வைத்தால் முன்வரிசைக்குப் பின்னால் ஒரு பின்வரிசை உருவாகும். அந்தப் பின்வரிசையில்தான் 2021இல் காலாவதியான கடலை மாவு இருக்கும். நடைச் சுவரில் ஆறு அங்குல ஆழத்தில், தரையிலிருந்து கூரைவரை திறந்த தட்டு அடித்தால் நடப்பதற்குக் குறைவே தெரியாது. ஒவ்வொரு டப்பாவும் கண்ணுக்குத் தெரியும். ஹாலில் அலமாரி கேட்டீர்களே, அதற்குப் பதிலாக இதைத்தான் செய்து கொடுப்பேன். தட்டின் நீளம் இரண்டரை அடிக்கு மேல் போனால் நடுவில் தாங்கல் வேண்டும், முக்கால் அங்குலப் பிளைவுட்டாக இருந்தாலும் புத்தகம் வைத்தால் வளையும்.

பலகை எதுவென்று பார்த்து வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் நம் வீட்டுச் சுவர் ஈரம் குடித்து வியர்க்கும்போது அது பிஸ்கட் மாதிரி ஊதிவிடும், கீலைப் பிடித்திருக்கும் திருகு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தொழில் தொடங்கிய புதிதில் என் வீட்டுக்கே ஒரு பெரிய கடையில் தள்ளுபடியில் வாங்கினேன். மூன்றாவது மழையைத் தாண்டவில்லை. தொழில்காரனே ஏமாந்தான் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். உலர்ந்த அறைக்குப் பிடபிள்யூஆர் (BWR, கொதிநீரைத் தாங்கும்) தரப் பிளைவுட் போதும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை, இல்லாவிட்டால் பிவிசி பலகை. எந்த அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு அங்குலம் காற்று போக விடுங்கள். சாமானுக்குக் கால் வைத்தால் ஆறு அங்குலம் வையுங்கள், துடைப்பமும் மாப்பும் உள்ளே போக வேண்டும். அது முடியாவிட்டால் தரையோடு முழுக்க மூடிவிடுங்கள். இரண்டு அங்குலச் சந்து விட்டால் அது கரப்பானுக்கு வாடகை வாங்காமல் விட்ட வீடு.

சமையலறை எட்டுக்கு ஏழு. இங்கே நிறைய இடம் ஒளிந்திருக்கிறது. முதலில் சிலிண்டர்கள். மேடைக்குக் கீழே இரண்டும் நிற்கும்போது ஒரு முழு கேபினெட் போய்விடுகிறது. உபயோகத்தில் இருப்பதை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, இன்னொன்றைக் காற்றோட்டமான பால்கனி மூலையில் வெயில் படாமல் நிமிர்த்தி வைக்கலாம். உள்ளே இருப்பதை அழகுக்காகக் கதவு போட்டு இறுக்கி மூடும் வழக்கம் வந்திருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் கதவின் அடியில் ஓட்டை வேண்டும். மேலே விட்ட ஓட்டையால் பிரயோஜனம் இல்லை.

பழைய கட்டடங்களில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டு இருக்கும். மாடுலர் கிச்சன் போட வருகிறவர்கள் முதல் வேலையாக அதை உடைக்கச் சொல்வார்கள். இருந்தால் விட்டுவிடுங்கள். கடப்பா ஈரத்துக்கு ஊதாது, கரையான் தின்னாது, கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் சேர்த்துத் தாங்கும். அதில் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் கூடையை உள்ளே தள்ளினால் அதுவே இழுப்பறை. டேபிள் டாப் கிரைண்டரை மேடை மேல் நிரந்தரமாக வைக்கிறார்கள், வாரத்துக்கு ஒருநாள் ஓடும் எந்திரம் ஆறு நாள் மேடையில் நிற்கிறது. மேடைக்குக் கீழே உள்ள தட்டில் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பரணில் மட்டும் வேண்டாம், அதைத் தூக்கி இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் பிறகு ஈர மாவு பாக்கெட்தான்.

அப்புறம் அரிசி. 25 கிலோ சிப்பமாக வாங்கும் பழக்கம் ஊர் வீட்டுக்குச் சரி. கீழே இறங்கினால் அண்ணாச்சி கடை இருக்கும் தெருவில், அந்தக் கடைதான் உங்கள் ஸ்டோர் ரூம், வாடகையும் அவர்தான் கட்டுகிறார். ஐந்து கிலோ, பத்து கிலோவாக வாங்கினால் விலை கொஞ்சம் கூடும். ஆனால் உங்கள் தரையின் விலையை யோசியுங்கள். சதுர அடி எட்டாயிரம் என்று வைத்துக்கொண்டால், மூட்டை உட்கார்ந்திருக்கும் இரண்டு சதுர அடி பதினாறாயிரம் ரூபாய். அதே கணக்கில் உங்கள் சாப்பாட்டு மேசை இரண்டு லட்சத்து எட்டாயிரம் ரூபாய் நிலத்தை வளைத்துப் போட்டிருந்தது. தண்ணீர் கேன் இரண்டுக்கும் இரும்பு ஸ்டாண்டு வாங்கி ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள்.

பரணுக்கு வருவோம். கதவு நிலைக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் ஏழடியில், இரண்டடி ஆழத்தில் படுக்கையறையிலும் சமையலறையிலும் பரண் இருக்கும். இருக்கிறது, ஆனால் நிரம்பி வழிகிறது என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? இறக்கிப் பாருங்கள். நான் இறக்கிப் பார்த்த பரண்களில் கம்பளி இல்லாத பரண் இல்லை. சென்னையில் கம்பளிக்கு என்ன வேலை? கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம், பிரிக்காத எவர்சில்வர் குடம், டிவி வந்த அட்டைப்பெட்டி. வாரன்டி முடியும்வரை அட்டைப்பெட்டி வேண்டும் என்று வைத்தது, டிவியே போன பிறகும் அது இருக்கிறது. இரண்டு பொங்கல் பார்த்தும் இறங்காத பொருள் வீட்டை விட்டுப் போகலாம். போகிக்கு எரிக்க வேண்டாம், ஊரே புகையில் கண் எரிகிறது. காயலான் கடைக்குப் போகட்டும். பித்தளையை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள், மாமியார் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேலே வைப்பதை மூடி போட்ட, ஒரே அளவு பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து, எதில் என்ன என்று கொட்டை எழுத்தில் முன்பக்கம் ஒட்டுங்கள். ஹாலிலும் கதவு நிலைகளுக்கு மேலே, ஒரு அடி அகலத்தில் பலகை ஓட்டலாம். அதற்கு முன் சுவரைத் தட்டிப் பாருங்கள். உள்சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல்தான், லேசான சாமானைத் தாங்கும். புதுக் கட்டடங்களில் ஏஏசி பிளாக் என்கிற எடை குறைந்த கான்கிரீட் கல் இருந்தால், திருகைப் பிடிக்கச் சுவரில் சொருகும் சாதாரண ரால் பிளக் நிற்காது, அதற்கென்று தனி ஆங்கர் இருக்கிறது, கடையில் கேட்டு வாங்குங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் எந்தக் காரணத்துக்கும் துளை போடாதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் ஓடும்.

வாடகைக்கு இருப்பவர்களை வீட்டுக்காரர் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். அவர்களுக்கு ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள் ரேக்தான் நல்லது. திருகைக் கழற்றினால் கட்டாகக் கட்டிக் குட்டி யானையில் ஏற்றிவிடலாம். பழையது வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையில் பல்லாவரம் சந்தைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். துருவைத் தேய்த்து வெள்ளை பெயின்ட் அடித்தால் ஹாலிலேயே வைக்கலாம்.

பால்கனி ஒன்பதுக்கு மூன்று, 27 சதுர அடி. அதை அடைத்தால் ஓர் அறை கிடைக்கும் என்று தோன்றுவது இயற்கை. கிடைப்பது மூன்றடி அகலச் சந்து. நீங்கள் இழப்பது சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கிழக்கிலிருந்து வரும் கடல்காற்றை. பால்கனித் தளம் பல கட்டடங்களில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் பலகை மாதிரிதான், ஓரத்தில் செங்கல் சுவர் எழுப்பி எடை ஏற்ற அது கட்டப்படவில்லை. அசோசியேஷன் அனுமதி, கட்டட விதி என்பதெல்லாம் வேறு. கம்பி கிரில் போடுங்கள், மழைச்சாரலுக்குச் சுருட்டும் திரை போடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியை மே மாதத்தில் தொட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

வாஷிங் மெஷின் அங்கே போகட்டும். அடுத்த முறை மாற்றும்போது முன்பக்கம் திறப்பதாக வாங்கினால் அதன் தலைமேல் ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம், மேலே திறப்பதற்கு அந்த இடம் வீண். துணி காயப்போடக் கூரையில் கப்பி வைத்த ஹேங்கர், ஆறு கம்பி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கயிறு. என் அம்மாவின் மூங்கில் கொடிதான் இது, கொம்புக்குப் பதில் கயிறு. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மூன்று நாள் துணி காயாது. அந்த நாட்களுக்காக ஹாலில் விசிறி காற்று படும் இடத்தில் இரண்டு கொக்கி மட்டும் அடித்து வையுங்கள். ராத்திரியில் கயிறு கட்டலாம், விடிந்ததும் அவிழ்த்துவிடலாம். செருப்பு ஸ்டாண்டை வெளியே பொது நடையில் வைக்காதீர்கள், தீப்பிடித்தால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது. ஏழெட்டு அங்குல ஆழத்தில் முன்பக்கம் சாய்ந்து திறக்கும் செருப்புப் பெட்டி வாசலுக்குள்ளேயே அடங்கும்.

கடைசியில் பெட்டி. கேள்வியிலேயே தெரிகிறது, அதைக் காயலான் கடைக்குப் போட உங்களுக்கு மனசில்லை, வைத்துக்கொள்ள இடமும் இல்லை. நீங்கள் சொன்ன அளவு மூன்றரைக்கு இரண்டடி, உயரம் ஒன்றரை அடி. ஒன்றரை அடி என்பது கச்சிதமாக உட்காரும் உயரம். ஹால் ஜன்னலுக்குக் கீழே போட்டு, மேலே இரண்டு அங்குல மெத்தை தைத்துப் போட்டால் இரண்டு பேர் உட்காரும் இருக்கை. சோஃபா போன குறை அங்கே தீர்ந்தது. உள்ளே கொலு பொம்மைகள். இப்போது அவை படுக்கையறைப் பரணில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள், அந்தப் பாதி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு பொம்மையையும் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் உள்ளே வியர்த்துக் களிமண் பொம்மையின் வர்ணம் உரியும். நவராத்திரிக்குப் பொம்மைகள் வெளியே வந்ததும் காலிப் பெட்டியையே கீழ்ப்படியாக வைத்து, அதன்மேல் பரணிலிருந்து இறக்கிய பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி வேட்டி விரித்தால் ஐந்து படி வந்துவிடும். தனியாக இரும்புப் படி வாங்கி, வருடம் முழுக்க அதற்கொரு இடம் தேட வேண்டாம்.

பெட்டியைச் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள், மூடி பின்னால் சாய நாலு அங்குலம் விடுங்கள். அந்த மூடி விழுந்தால் விரல் நசுங்கும், ஆறு வயதுப் பெண் இருக்கிற வீடு. உட்பக்கம் ஒரு சங்கிலி போட்டு, மூடி திறந்தபடியே நிற்க வையுங்கள். அடியில் ரப்பர் கட்டை நாலு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மாப் போடும் ஈரத்தில் துருக்கறை டைல்ஸில் இறங்கிவிடும். பெட்டி எங்கே போடுவது என்று முடிவானதும் மாமியாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், சாவி அவரிடமே இருக்கட்டும்.